வழக்கமான பத்தியம்

ஜனவரி 6, திங்கள்

ஊதுபத்திக் கம்பெனி ஏஜெண்டு கொடுத்துவிட்டுப் போன டைரி. வருஷா வருஷம் கொடுப்பான். நான் பக்கம் பக்கமாகக் கிழித்துப் பொட்டலம் மடிப்பேன். இந்த வருஷம் எழுதலாம் என்று எடுத்து வைத்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "தவமணியம்மா, மாத்திரை போட்டீங்களா, உடம்புக்கு என்ன பண்ணுது, எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வாங்க. செக்கப்புக்கு வந்து முழிக்காதீங்க."

எழுதுகிறேன். இடது மார்பை எடுத்தாகிவிட்டது. ஊசி மருந்து ஏற்றியாகிவிட்டது. கதிர்வீச்சுக் கரண்டும் வைத்தாகிவிட்டது. கொட்டிய முடி முளைத்துச் சீப்பு நுழைகிற அளவுக்கு வந்துவிட்டது. இனி அஞ்சு வருஷத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. பெண் உடம்பில் ஊறுகிற ஹார்மோனை ஊறவிடாமல் அடைக்கிற மாத்திரை. அது ஊறினால், எங்காவது மிச்சம் மீதி ஒளிந்திருக்கிற நோய் அதைத் தின்று வளருமாம்.

மாத்திரை செய்வது: காலையில் எழுந்தால் ஒவ்வொரு மூட்டும் துருவேறிய கீல். கடைப் பூட்டைத் திறக்க, கடையில் வேலை பார்க்கிற சடையாண்டியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நினைத்த நேரத்தில் உள்ளே அடுப்பு பற்றிக்கொண்டது போலச் சூடு கிளம்பிக் கழுத்துவரை ஏறி, ரவிக்கை நனைந்துவிடுகிறது.

ஊசி மருந்து செய்தது: நாக்கும் மூக்கும் செத்துவிட்டன. நான் நாட்டு மருந்துக்கடைக்காரி. சுக்கைக் கடித்துப் பார்த்து மூட்டைக்கு விலை சொன்னவள். இப்போது சடையாண்டி கடித்துப் பார்த்துச் சொல்கிறார். நான் எனக்கே தெரிந்தது மாதிரித் தலையாட்டுகிறேன்.

மாத்திரை போட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் கழித்துக் கடை திறந்தோம். திண்டுக்கல் கடைவீதி முழுக்கக் கரும்புச் சக்கை. சின்னாளபட்டியிலிருந்து ஒரு அம்மா, மருமகளுக்கு மருந்து வாங்க வந்திருந்தார். மருமகளுக்கு என் நோய்தான்.

"தாயி, நீங்க எதைச் சாப்ட்டுக் கொணமானீகளோ, அதையே கட்டிக் குடுத்துருங்க."

இப்படிக் கேட்கிறவர் இவர் முதல் ஆள் இல்லை. நாட்டு மருந்துக்கடைக்காரிக்கு அந்த நோய் வந்தது, பிழைத்துக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள், அப்படியென்றால் கடையில் இருப்பதைத் தின்றுதான் பிழைத்திருப்பாள். ஊர் அப்படித்தான் முடிவு கட்டியிருக்கிறது. கத்தி, ஊசி, கரண்டு எதையும் ஊர் பார்க்கவில்லை.

நான் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. பஸ் ஸ்டாண்டில் வேப்பம்பூவும் ஆவாரம்பூவும் கூவி விற்று இந்தக் கடைக்கு வந்தவள் நான். வாங்க வந்தவரிடம் வாயை எங்கே திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்பது தெரியும். ஆவாரம்பூவும் சீரகமும் கட்டிக் கொடுத்தேன். கெடுதல் இல்லாத சரக்கு.

மாத்திரை போட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஜெயக்கொடி வந்தாள்.

ஊசி மருந்து ஏற்றுகிற கூடத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி. நிலக்கோட்டைக்காரி, பூக்கட்டி விற்கிறவள். வீட்டுக்காரர் தங்கராசு குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நோய், ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. எனக்கென்று உட்கார்ந்து பேச ஒரு ஆள் கிடைத்தது அந்தக் கூடத்தில்தான். கல்யாணம் எனக்கும் நடந்தது. அது இரண்டாவது தீபாவளியைப் பார்க்கவில்லை.

முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். விரல்கள் வீங்கியிருந்தன.

"மடங்க மாட்டேங்குதுக்கா. மடங்குனா விரிய மாட்டேங்குது. மல்லிகை கூடையில கெடந்து மொகம் சுண்டிப் போகுது, நான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்."

"சிஸ்டர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். வலி மாத்திரை குடுத்துட்டு, தெனமும் நடங்கன்னாக. நடந்துக்கிட்டே பூக்கட்டவா?"

சிரித்தோம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு பக்கத்துல வந்து படுத்தாலே பயமா இருக்கு. உள்ளெல்லாம் காஞ்சு எரியுது. இதையெல்லாம் யாருகிட்டப் போயிச் சொல்றது? அவரு ஒண்ணும் கேக்கறதில்ல. கேக்காம இருக்கறதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

இந்த மாதிரிப் பேச்சுக்கு எனக்குப் பழக்கம் இல்லை.

"நீ எடுத்துக்கறதை எனக்கும் குடுக்கா."

"நான் எதுவும் எடுத்துக்கலடி. உனக்குக் குடுக்கிற அதே மாத்திரைதான் எனக்கும்."

"போக்கா. கடை பூரா மருந்தை வச்சுக்கிட்டு நீ சும்மாவா இருப்பே? நானும் பூக்காரிதான். எந்தலைக்குன்னு நல்ல பூவா எடுத்து வச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தை விப்பேன்."

வியாபாரிக்கு வியாபாரி போட்ட கணக்கு.

தண்ணீர்விட்டான் கிழங்கு கேட்டாள், பெண்களுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். கிடையாது என்றேன். அது பெண் உடம்பை ஊறவைக்கிற சரக்கு. டாக்டர் பாடுபட்டு அடைக்கிற ஊற்றை நான் தோண்டிவிடக் கூடாது. அதை எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை. டீ குடிக்காமல் போய்விட்டாள்.

மாத்திரை போட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மறுபடி வந்தாள். ஆள் நிறைந்த நேரம். எல்லோருக்கும் முன்னால் அழுதாள். "உனக்கு மட்டும் வச்சுக்கறே"ங்கிற ஒரே பேச்சு.

உள்ளே போய் சுக்கு, மல்லி, கொஞ்சம் சீரகம் மூன்றையும் மிஷினில் விட்டுப் பொடித்து, பழுப்புத் தாளில் கட்டினேன். சுக்குமல்லிக் காபிப் பொடிதான். எந்த வீட்டு அடுப்படியிலும் இருப்பது, யாரையும் எதுவும் செய்யாது.

"இது என்னக்கா?"

"பேர் கேக்காதே. சொன்னாப் பலிக்காது."

எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். அவள் முகம் மாறிவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பத்தியம்?"

"வழக்கமான பத்தியம்தான்" என்றேன். அப்போதே அடுத்தவருக்குக் கடுக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை போட்டேன்.

மார்ச் 12, புதன்

ஜெயக்கொடி பை நிறைய மல்லிகையோடு வந்தாள். எல்லாம் அவள் கட்டியது. கல்லாவின் மேல் வைத்து, விரலை மடக்கி விரித்து, மடக்கி விரித்துக் காட்டினாள். சின்னப் பிள்ளைகள் கைவித்தை காட்டுவது மாதிரி.

"பாத்தியா? பாத்தியா? இதைத்தானே அப்பவே கேட்டேன்?"

சூடு கிளம்புவதும் நின்றுவிட்டதாம், தூக்கம் வருகிறதாம். காதில் வந்து இன்னொன்றும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டாள். நன்றாக இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு முன்னால் இவள் எப்படி இருந்திருப்பாள் என்று இன்றுதான் பார்த்தேன்.

"அவரும் எனக்காகப் பத்தியம் இருக்காருக்கா. மீன் தொடறதில்ல. நான் கைதவறி எதையாவது வாயில போட்டுருவேன்னு, மருந்துக்கு ஆகாததையெல்லாம் அள்ளிக் கொண்டுபோயிக் குப்பைல போட்டுட்டாரு. கருவாட்டுப் பானையக்கூட விடலைன்னாப் பாத்துக்க."

சடையாண்டி பூவை முகர்ந்துவிட்டு நல்ல வாசம் என்றார். நானும் முகர்ந்தேன்.

மாத்திரை போட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஜெயக்கொடிக்குக் கட்டிய மாதிரியே ஒரு பொட்டலம் கட்டி நானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சடையாண்டி சிரிப்பார்.

மாத்திரை போட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

அந்தப் பொடிக்கு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதே வலி, அதே சூடு.

அவளுக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை? அதே சுக்கு, அதே மல்லி, அதே மிஷின். நோய் ஒன்று, ஆஸ்பத்திரி ஒன்று. ஒரே மூட்டைச் சரக்கு இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருந்தால், எங்கோ ஒன்று கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இது கடை வைத்தவளுக்குத் தெரியும். எங்கே என்றுதான் தெரியவில்லை. கொல்லிமலைச் சுக்குக்குப் பதிலாகக் கேரளாச் சுக்கு போட்டுப் பார்க்கப் போகிறேன்.

பொறாமையாக இருக்கிறது. எழுதினால் என்ன, என் டைரிதானே.

மாத்திரை போட்டேன்.

மே 8, வியாழன்

ஜெயக்கொடி சொல்லி நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து பெண்கள் வருகிறார்கள். எல்லோரும் எங்கள் ஆஸ்பத்திரிக் கூடத்து ஆட்கள். அங்கே தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை இங்கே பூ வைத்துப் பார்க்கிறேன். "ஜெயாக்காவுக்குக் குடுத்தது" என்று கேட்கிறார்கள். சடையாண்டி அதற்கு நிலக்கோட்டைப் பொட்டலம் என்று பெயர் வைத்துவிட்டார்.

"பேரே சொல்லக் கூடாதுன்னீங்க. இப்ப அதுக்கே ஒரு பேரு வந்துருச்சும்மா."

பத்தியம் கேட்டால் வழக்கமானது என்கிறார். நானும் அதைத்தான் சொல்கிறேன். முன்கூட்டியே பொடித்துவைத்தால் வேலை குறையும். டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

மாத்திரை போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வத்தலக்குண்டிலிருந்து ஒரு பெண். சின்ன வயசு, போன மாசம்தான் கரண்டு முடிந்திருக்கிறது. பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துவிட்டு நின்றாள்.

"ஒரு சந்தேகம்க்கா. மாத்திரைய இன்னிக்கே நிறுத்தணுமா, கையில இருக்கற அட்டைய முடிச்சுட்டு நிறுத்தலாமா?"

"எந்த மாத்திரை?"

"ஆஸ்பத்திரி மாத்திரைதான். பத்தியம்னா அதை நிறுத்தணும்ல? ஜெயாக்கா நிறுத்திட்டுத்தான் சாப்ட்டுச்சாம்."

அவள் பையிலிருந்து பொட்டலத்தை நானே எடுத்துக்கொண்டேன். நிறுத்தக் கூடாது, ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்றேன். அவள் பயந்துபோய்ப் படியிறங்கினாள். சடையாண்டியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே வந்து மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.

குறைந்தது எது என்று தெரிந்துவிட்டது.

மாத்திரை போட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

காலை பஸ்ஸில் நிலக்கோட்டை. தங்கராசு லோடு ஏற்றப் போயிருந்தார். அவள் கூடத்தில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்கும்போதும் கை நிற்கவில்லை.

"மாத்திரையை நிறுத்திட்டியாடி?"

"நிறுத்தாம? பத்தியம்னியே."

"புளி, மீன், அகத்திக்கீரை. அதுதான்டி பத்தியம்!"

"நாட்டு மருந்து சாப்பிடறப்ப இங்கிலீசு மருந்து சேக்கக் கூடாதுன்னு ஊருக்கே தெரியும். எங்க அத்தை மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி சாப்ட்டப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. கடை வச்சிருக்கற உனக்குத் தெரியாதா?"

தெரியும். பஸ்ஸில் வரும்போதே அதை யோசித்துவிட்டேன். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நான் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

"ஜெயா, அதுல இருக்கறது சுக்கும் மல்லியும் சீரகமும். வேற எதுவுமே இல்ல. நீ அழுதேன்னு கட்டிக் குடுத்தேன்."

சிரித்தாள். "எல்லாரும் வந்து கேக்கறாகன்னு இப்ப இப்படிச் சொல்றியாக்கும். எங்கிட்டயுமா?"

"சத்தியமா."

"அப்ப என் விரலு எப்படி மடங்குது?"

"மாத்திரைய நிறுத்தினதால மடங்குது. அந்த வலி நோவோட வலி இல்லடி, மாத்திரையோட வலி. மாத்திரை போச்சு, வலியும் போச்சு. ஆனா மாத்திரை எதைக் கட்டி வச்சிருந்துச்சோ, அதையும் அவுத்து விட்டுட்டே."

கை நின்றது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எதாலயோ. மடங்குதுல்ல?" என்றாள். "அந்த மாத்திரையோட அஞ்சு வருசம் மரக்கட்டையாக் கெடந்தாத்தான் உசுரு நிக்கும்னா, அது யாரு உசுரு? இப்ப நான் எந்திரிக்கறேன், பூக்கட்டறேன், அவரு பக்கத்துல படுக்கறேன். ரெண்டு வருசம் இப்படி இருந்துட்டுப் போறேனே. நீயும் என்னை மாதிரித்தான் கெடக்கறே. இப்படி விரல மடக்கணும்னு உனக்கு ஆசையில்ல?"

எனக்குச் சூடு கிளம்பியது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது கையைப் பிடித்தாள். "சுக்குமல்லின்னு நீ சொன்னத அவர்கிட்டச் சொல்லிடாத. பயந்துருவாரு. மறுபடியும் மாத்திரைய வாங்கியாந்து என் வாயில திணிப்பாரு."

சொல்லியிருக்க வேண்டும். குட்டியானை ஸ்டாண்டு வழியில்தான் இருந்தது. அது அவர்கள் வீட்டு விஷயம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

மாத்திரை போட்டேன்.

ஜூன் 16, திங்கள்

நிலக்கோட்டைப் பொட்டலம் இனிக் கிடையாது என்று சடையாண்டியிடம் சொல்லிவிட்டேன். இன்று கேட்டு வந்த இரண்டு பேரிடம், அது வெறும் சுக்குமல்லி, ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றேன். ஒருத்தி கும்பிட்டுவிட்டுப் போனாள். இன்னொருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள். எதிர்க்கடைக்காரன் அவளுக்கு எதையோ கட்டிக் கொடுத்ததை இங்கே இருந்தே பார்த்தேன்.

முன்னால் வாங்கிக்கொண்டு போனவர்கள் யார் யார்? முகம் ஞாபகம் இருக்கிறது. பெயரும் வீடும் தெரியாது. பொட்டலக் கடையில் யார் விலாசம் கேட்கிறார்கள்?

மாத்திரை போட்டேன்.

ஜூலை 3, வியாழன்

மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. கடுக்காய் லோடு வந்தது. பூஞ்சை பிடித்ததைத் திருப்பி அனுப்பினேன்.

ஜூலை 9, புதன்

ராத்திரி ரவிக்கை நனையவில்லை.

ஜூலை 19, சனி

கடைப் பூட்டை நானே திறந்தேன். சாவி சுலபமாகத் திரும்பியது. படியில் நின்று விரலை மடக்கி விரித்துப் பார்த்தேன். சடையாண்டி பார்த்துவிட்டார்.

"மொகத்துல களை வந்துருச்சும்மா. என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல" என்றேன். பொய் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

தங்கராசு போன் பண்ணினார். "அக்கா, ஜெயா பூக்கூடையத் தூக்குனா. முதுகுல பளிச்சுன்னு புடிச்சுக்கிச்சாம். நாலு நாளா நிமிர முடியல. அந்த மருந்துல இன்னும் கொஞ்சம் கட்டிக் குடுத்தா நல்லாருக்கும்."

உடனே மதுரைக்குக் கூட்டிப் போங்கள், நானும் வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மதுரையில் படம் எடுத்தார்கள். முதுகெலும்பிலும் கல்லீரலிலும்.

மாத்திரை போட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

இரண்டு பேருக்கும் டாக்டரைப் பார்க்கிற நாள். பெண்கள் பகுதி என்பதால் தங்கராசு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான்தான் அவள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "மாத்திரை ஒழுங்கா போட்டீங்களாம்மா?"

"தெனமும் போட்டேன் சார்" என்றாள் ஜெயக்கொடி.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "மாத்திரை போட்டும் சில பேருக்கு இப்படி வரும். உங்க மேல தப்பு இல்லம்மா."

அதை வெளியே வந்து தங்கராசுவிடம் அப்படியே சொன்னாள். "என் மேல தப்பு இல்லையாம்."

அவள் மாத்திரை போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். போட்டும் வருகிறது என்று டாக்டரே சொன்னார். முன்னாலேயே உள்ளே இருந்திருக்கும், அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் என்று சிஸ்டரும் சொன்னாள். இதைப் பஸ்ஸில் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டு வந்தேன்.

கிளம்புவதற்கு முன் சிஸ்டர் இந்த டைரியைப் புரட்டி, ஒவ்வொரு நாளிலும் கடைசி வரியை மட்டும் பார்த்தாள். "ஜூலைல மாத்திரை எழுதலையே?"

"எழுத மறந்துட்டேன்."

மாத்திரை போட்டேன்.

அக்டோபர் 15, புதன்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிலக்கோட்டை போனேன். கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள், கண்ணில் மஞ்சள். தங்கராசு எனக்குக் காபி போட உள்ளே போனார். தீபாவளி வருகிறது, தெருவில் பிள்ளைகள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அவள் உடம்பு அதிர்ந்தது.

"அக்கா. அன்னிக்குச் சொன்னியே, சுக்கு மல்லின்னு. நெசமா?"

என்ன சொல்வது என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. பெரிய மருந்துதான், உனக்குத்தான் காலம் போதவில்லை என்று சொல்லியிருக்கலாம். வியாபாரத்தில் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"நெசம்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது.

"அவருக்குத் தெரிய வேணாம். மாத்திரைய அவருதான் அவரு கையால எடுத்துக் குப்பைல போட்டாரு. எனக்கு நல்லதுன்னு போட்டாரு."

"சொல்ல மாட்டேன்."

"இவ்வளவு நாளும் சொல்லல. இனிமேலும் சொல்லாத."

தங்கராசு தம்ளரோடு வந்தார். "நீங்க குடுத்த பொடிதான்க்கா. அவ குடிக்க மாட்டேங்கறா. வீணாப் போகுதேன்னு கொஞ்சம் காபியில போட்டேன். என்னமோ சுக்குக் காபி மாதிரியே மணக்குது."

குடித்தேன். எனக்கு எதுவும் மணக்கவில்லை. ஜெயக்கொடி என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

மாத்திரை போட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஜெயக்கொடி விடியற்காலை போய்விட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

கடையை அடைத்துவிட்டு நிலக்கோட்டை போனேன். பூ மார்க்கெட் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு மாலை. அவள்மேல் இடம் இல்லாமல் பாதி மாலையைச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். அழுதுகொண்டே, இந்தக் கட்டு தளர்ந்திருக்கிறது, ஜெயா பார்த்தால் திட்டுவாள் என்று ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். பிறகு அவளே அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

தங்கராசு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லாட்டி அவ இந்த வருசம் பூவே கட்டிருக்க மாட்டாக்கா" என்றார்.

மாத்திரை போட்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

மாலை, கடையில் கூட்டம் இல்லாத நேரம். தங்கராசு வந்தார். இளைத்துவிட்டார். வண்டி மட்டும் பழையபடி ஓடுகிறது என்றார். ஜெயக்கொடியின் பூக்கூடையை எடுத்துவைக்க மனம் வராமல் வாசலிலேயே கிடக்கிறது என்றார். சடையாண்டி அவருக்கு முக்காலி போட்டார்.

"ஒரு உதவிக்கா. எங்கம்மாவுக்கு முட்டி வலி, எந்திரிக்க முடியல. ஜெயாவுக்குக் குடுத்தீங்கள்ல, அதுல கொஞ்சம் வேணும். அவ நல்லா இருந்தது அதைச் சாப்ட்ட மாசங்கதான். நான் கண்ணால பாத்தேன்."

"அது இப்பக் கட்டறதில்லப்பா."

"எனக்காகக் கட்டிக் குடுங்க."

சடையாண்டி என் முகத்தைப் பார்த்தார். சுக்குமல்லிதானே, முட்டி வலிக்காரக் கிழவிக்கு என்ன கெடுதல் என்று தலையசைத்தேன். அவர் பொடித்து, மடித்து, நூல் சுற்றினார். தங்கராசு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"பத்தியம் எனக்குத் தெரியும். அம்மா சக்கரைக்கும் நெஞ்சுக்கும் மாத்திரை சாப்பிடுது. இன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துக் குப்பைல போட்டுடறேன்."

படியில் ஒரு காலை வைத்துவிட்டார். போகவிட்டிருந்தால் ஜெயக்கொடிக்குக் கொடுத்த வாக்கு நின்றிருக்கும்.

"தங்கராசு, நிறுத்தக் கூடாது" என்றேன். "அம்மாவோட மாத்திரை எதையும் நிறுத்தக் கூடாது. ஒருநாள்கூட. இதுக்கு அந்தப் பத்தியம் கிடையாது."

திரும்பினார். "புது மருந்தாக்கா?"

"அதே மருந்துதான்."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகிறவரை அவர் அப்படியே நின்றார். முதலில் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு வலது கையை மெதுவாக உயர்த்திப் பார்த்தார், அதில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி.

"அப்ப ஜெயாவுக்கு?"

சடையாண்டி தராசைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த தராசையே துடைத்தார்.

"அவளுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது" என்றேன்.

சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார். கீழே விழுந்துவிடுமோ என்பது போல இரண்டு கையாலும் வைத்தார். படியிறங்கி வண்டியில் ஏறினார். வண்டி வெகுநேரம் கிளம்பவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. கடைசியில் கிளம்புகிற சத்தம் கேட்டது.

சடையாண்டி பொட்டலத்தைப் பிரித்துச் சுக்குப்பொடி டப்பாவில் கொட்டப் போனார். அதில் வேண்டாம், சாக்கடையில் கொட்டுங்கள் என்றேன்.

மாத்திரை போட்டேன்.